மூக்குக்குள் வளர்ந்த சதை

என் மூக்குக்குள் சதை வளர்வதை டாக்டர்கள் கண்டுபிடித்தபோது ஓரிக்கைக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுந்ததும் தும்மல் பிடிக்கும். கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிப்பதுபோல் வலிக்கும். மூக்கு முழுக்க அடைத்துப்போய் வாயால்தான் மூச்சு. ஆபரேஷன் செய்து சதையை எடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்ப வளர்ந்துவிட்டது. சாம்பார் கொதித்தாலும் சாக்கடை நாறினாலும் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் தம்பிதான் என்று முடிவு கட்டினேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டில் அவன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறான். விறகு அடுப்பில் அண்டா கொதிக்கும். புகையும் ஆவியும் நேராக என் அறைக்குள் வரும். அடுப்பை மாற்றச் சொல்லிப் பலமுறை கேட்டேன். வேறு இடமில்லை என்றான். பேச்சே நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வலி தாங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அப்போதும் புகை வந்துகொண்டிருந்தது. கடப்பாரையை எடுத்துப்போய் அடுப்பை இடித்தேன். அண்டா கவிழ்ந்து, கொதிக்கும் சிவப்புச் சாயம் தரையில் ஓடித் தம்பியின் காலைச் சுட்டது. நூலைப் புரட்டும் கழியால் அவன் என் முகத்தில் அடித்தான். நான் அவன் கழுத்தைப் பிடித்தேன். ஈரத்தில் வழுக்கி இருவரும் விழுந்தோம், விழுந்தும் விடவில்லை. எங்கள் மனைவிகள் இழுத்துப் பிரித்தபோது என் சட்டையில் எது சாயம், எது ரத்தம் என்று தெரியவில்லை.

என் மனைவி மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி வந்தாள். அதை விழுங்கிய சற்று நேரத்தில் முகம் எரிந்தது. மூக்கு குழாய்போல் கொட்டியது. பிறகு நெஞ்சைத் துணிபோல் முறுக்கிப் பிழிந்தது. இழுத்த காற்று வெளியே வர மறுத்தது. நகத்தால் என் கழுத்தை நானே கீறிக்கொண்டேன். மனைவியின் அலறல் கேட்டு ஓடிவந்தவன் தம்பி. வெந்த காலோடு என்னைத் தூக்கி என் ஆட்டோவிலேயே போட்டு, ஹாரனை அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

அங்கே முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூச்சுக்காக நான் கட்டிலில் உதைத்துப் புரண்டேன். ஊசி இறங்கும்வரை தம்பி என் தோள்களை அழுத்திப் பிடித்திருந்தான்.

மறுநாள் மூக்கு டாக்டரம்மா வந்தார். பழைய ஆபரேஷனில் எடுத்த சதையின் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு என்னையும் மனைவியையும் தம்பியையும் வைத்துக்கொண்டே சொன்னார்.

“ரத்தத்துல ஈஸ்னோபில்னு ஒரு வெள்ளையணு இருக்கு. உடம்புக்குள்ள புழு வந்தா விஷத்தைக் கொட்டிக் கொல்றது அதோட வேலை. உங்க மூக்குல புழு இல்ல. ஆனா வேற சில அணுக்கள் காரணமே இல்லாம அதைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. கூட்டமா வந்து உங்க மூக்கு மேலயே கொட்டுது. அது புண்ணாகி, வீங்கி, சதையா தொங்குது.”

என்னைப்போன்ற சிலருக்கு அந்த வகை வலி மாத்திரை ஆகாது, உள்ளே போனதும் இந்த அணுக்கள் ஒரேயடியாக வெறிகொண்டு மூச்சுக்குழாயையும் இறுக்கிவிடும் என்றார். இனி ஆயுளுக்கும் அதைத் தொடக்கூடாது.

தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். “அப்போ என் அடுப்பால வந்தது இல்லீங்களா மேடம்?”

“புகை தூண்டிவிடும். ஆனா இந்த வியாதிய உண்டாக்கினது அது இல்ல.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. என் ரத்தத்தை எந்தக் கடப்பாரையால் இடிப்பது?

மறுபடி ஆபரேஷன் ஆனது. தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவி ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்துக்கொள்கிறேன். சதை முன்போல் வேகமாக வளரவில்லை. வாசனை வருவதும் போவதுமாக இருக்கிறது. தம்பி அதே இடத்தில் அடுப்பைக் கட்டி, புகை கூரைக்கு மேலே போகத் தகரக் குழாய் வைத்தான். குழாயைத் தூக்கிப் பிடிக்க நானும் போனேன். வேலை முடிந்ததும் அவன் சொன்னான்.

“அந்த மாத்திரை பேர எழுதி ஆட்டோல ஒட்டிக்கினு போண்ணா. வழியில எவனாவது தெரியாம குடுத்துடப் போறான்.”

ஒட்டிவிட்டேன். இப்போதும் எங்களுக்குள் சண்டை வரும், தெருவே கேட்கும்படி. கை மட்டும் நீள்வதில்லை.