ஊருக்கு மேலே ஓர் ஊற்று

என் அண்ணி ஹெர்மீனாவிடம் தண்ணீர் விஷயத்தில் யார் பேச்சும் எடுபடாது. ஊரார் ஜிப்சிகள் என்று சொல்லும் எங்கள் ரோமா குடியிருப்பில் எல்லோருக்கும் தண்ணீருக்கென்று ஒரு முறை உண்டு. குடிக்க மேலே எடுப்போம், துணியை அதற்குக் கீழே அலசுவோம், பெண்களின் பாவாடையை எல்லாவற்றுக்கும் கீழே. ஆனால் ஓடை எங்களிடம் வருவதற்குள் ஸ்லோவாக்கியர்களின் ஊரைக் கடந்து, அவர்களுடைய சாக்கடையையும் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. ஊர்க் குழாய் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க விடவில்லை என்பதுதான் சரி.

நாங்கள் ஓடைத் தண்ணீரையே காய்ச்சிக் குடித்தோம். அண்ணி மட்டும் ஊரையும் தாண்டி, மூடிக் கிடக்கும் சுரங்கத்தின் வாயில் கசியும் ஊற்றுவரை ஏறுவாள். பனியிலும் ஏறுவாள். ஊர்க்காரிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"எங்க அண்ணி மகாராணி. நம்ம தண்ணி அவங்க தொண்டையில எறங்காது," என்று நான் சீண்டுவேன்.

"அவனுங்க கழுவி விட்டத நீ குடி. எம்பொண்ணுக்கு நான் தரமாட்டேன்," என்பாள்.

மகள் சிதோனியாவுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நன்றாக நடந்துகொண்டிருந்தவள் தடுமாறி விழத் தொடங்கினாள். அண்ணிக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். இன்னொரு நடை ஏறி, இன்னொரு கேன் நிறைத்து வந்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் பட்டணத்து டாக்டரம்மா ஒருவர் வந்து எங்கள் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தார். மறுபடி வந்தபோது நேராக அண்ணி வீட்டுக்குத்தான் போனார்.

"இந்தக் குழந்தை எந்தத் தண்ணி குடிக்குது?"

அண்ணி பெருமையோடு மலையைக் காட்டினாள்.

"அதுல சுரங்கத்து ஈயம் இருக்கும்மா. காய்ச்சினாலும் போகாது. ஊர்க்காரங்க அந்த ஊத்த விட்டு ரொம்ப வருஷமாச்சு. அதனாலதான் அவங்களுக்குக் குழாயே போட்டாங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

ஜன்னலில் நின்றவர்கள் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.

"இனிமே குடுக்காம இருந்தா சரியாயிடுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"இதுக்கு மேல மோசமாகாமப் பாத்துக்கலாம். போனது திரும்பாது. நல்ல தண்ணியாக் குடுங்க."

"எங்கேருந்து?"

டாக்டரம்மா பையை மூடினார். ஊராட்சிக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்று காரில் ஏறினார்.

மறுநாள் அண்ணி எங்களோடு ஓடைக்கு வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. சோப்பு நுரையைக் கையால் விலக்கிவிட்டுக் கேனை அமுக்கினாள். வீட்டில் காய்ச்சி, ஆற்றி, குழந்தையின் வாயில் வைத்தாள்.

சிதோனியா மடமடவென்று குடித்துவிட்டு, இன்னும் வேண்டுமென்று கையை நீட்டினாள்.