வாரண்டி முடிந்த ஐந்தாம் மாதம்

கார் சர்வீஸ் சென்டரில் முன்மேஜையில் உட்காருகிறவன், ‘வாரண்டி முடிஞ்சு போச்சு’ என்பதைச் சிரிக்காமலும் அழாமலும் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

நாகர்கோவிலுக்கு வெளியே, ஹைவே ஓரத்தில், அப்படி ஒரு மேஜையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களிடம் சாவியை வாங்கி, குறையைக் கேட்டு எழுதி, வண்டியை மெக்கானிக்கிடம் அனுப்பி, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பது என் வேலை. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகள் நம் பக்கம் பெருகியதும் புதிதாக ஒரு துக்கமும் சேர்ந்துகொண்டது. கியர்பாக்ஸ் போய்விடும், அதுவும் வாரண்டி முடிந்து நாலைந்து மாதத்தில், நாள் பார்த்துப் போகும். கியரை டிரைவில் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் அலறும், வண்டி நகராது. அந்த அலறலைக் கேட்டவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. மூன்று பேர் கதை சொல்கிறேன். மூன்றாவதைச் சொல்ல மனசு வராமல்தான் முதல் இரண்டையும் சொல்கிறேன்.

மச்சான் பார்த்துக்கொண்ட வண்டி

தேங்காய்ப்பட்டணத்துக்காரர் ஒருவருக்கு கல்ஃபில் வேலை. வருஷத்தில் ஒரு மாதம்தான் லீவு. மீதி நாளெல்லாம் கார் ஷெட்டில் கிடக்கும். பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, மனைவியின் தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மச்சானோ பொறுப்பு அதிகமான ஆள். சும்மா ஸ்டார்ட் செய்தால் போதாது, கியரும் துருப்பிடிக்கக் கூடாது என்று அவனே முடிவு செய்திருக்கிறான். வெளியே ஓட்டப் பயம். ஷெட்டுக்குள்ளேயே பிரேக்கை ஒரு காலால் அமுக்கிக்கொண்டு, டிரைவிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிப் போட்டு, இன்னொரு காலால் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறான். வாரம் தவறாமல் அரைமணி நேரம். கியர்பாக்ஸுக்குள் இருந்த எண்ணெய் கொதித்துக் கருகி, அடுப்பில் மறந்த சட்டி மாதிரி நாறியது.

ஊருக்கு வந்தவர் வண்டியை எங்களிடம் கொண்டுவந்தபோது லீவில் இன்னும் இருபது நாள் மிச்சம். புதிய கியர்பாக்ஸ் வந்து சேர நாற்பது நாள் ஆகும். வாரண்டியும் முடிந்துவிட்டது என்றேன். பிள்ளைகளை வண்டியில் கூட்டிக்கொண்டு எங்கெல்லாம் போக நினைத்திருந்தார் என்று ஒரு பட்டியலே சொன்னார். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: “நான் பிளைட் ஏறுன பெறவுதான் வண்டி ரெடியாவும், அப்படித்தானே சாரே? பரவாயில்ல. எனக்க மச்சான் வந்து கேட்டா மட்டும் சாவிய குடுத்துராதீங்க.”

ஐந்து பேர் கூடி இழுத்த வண்டி

களியக்காவிளையில் மொத்த மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒருவருடைய கார், மார்த்தாண்டம் தாண்டி நின்றுவிட்டது. நம் ஊரில் ரோட்டில் ஒரு வண்டி நின்றால் அதற்கு உதவ வண்டிக்காரரின் சம்மதம் தேவையில்லை. ஐந்து பேர் கூடிவிட்டார்கள். வாழைக்குலை இறக்கிவிட்டு வந்த டெம்போவை மறித்து, கயிறு கட்டி, நியூட்ரலில் போடச் சொல்லி, இருபது கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டார்கள். ஒருவர் பைக்கில் முன்னால் போய் வழிகூட விலக்கியிருக்கிறார்.

ஆட்டோமேட்டிக் வண்டியை அப்படி இழுக்கக் கூடாது. என்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாது. சக்கரம் உருள உருள உள்ளே காய்ந்து தேயும். லாரிமேல் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். வண்டி நின்றதற்குக் காரணம் ஒரு வயர் கழன்றது. பத்து நிமிட வேலை. வந்து சேர்ந்தபோது வயர் கழன்றபடியே இருந்தது, கியர்பாக்ஸ் போயிருந்தது. வண்டிக்கு வயசு நாலு, வாரண்டி மூன்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “நல்ல மனசுக்காரனுவ சாரே. ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்கன்னு கூப்பிட்டதுக்குக்கூட வேண்டாம்னுட்டுப் போயிட்டானுவ. அவனுவள நான் எந்த வாய வச்சு ஏசுவேன்?”

செல்வராணி ஓட்டக் கற்ற வண்டி

மயிலாடிக்காரி செல்வராணிக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சின்ன வயசில் வந்த போலியோவால் இடது காலில் பலமில்லை. பஸ் படி ஏறுவது கஷ்டம் என்பதால், ஆபீஸ் போகவும் வரவும் அண்ணன் பைக்கை எதிர்பார்த்தே இருபது வருஷம் ஓடியிருக்கிறது. அண்ணன் வரத் தாமதமானால் பூட்டிய ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இடது கால் வேண்டாம் என்று தெரிந்ததும், நாற்பத்திரண்டு வயசில் ஓட்டப் படித்து, லோன் போட்டு, சிறிய கார் ஒன்று வாங்கினார்.

முதல் சர்வீசுக்குத் தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டேன். “எங்கயும் இல்லண்ணே. நேத்து கடற்கரை வரைக்கும் போயிட்டு, வண்டிய விட்டு எறங்காமலே திரும்பி வந்தேன். யாருட்டயும் சொல்லல்ல.”

டிசம்பர் கூட்டம்

இரண்டாம் வருஷச் சர்வீஸ் டிசம்பரில் வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கல்ஃப்காரர்கள் எல்லாம் ஊரில் இறங்கிவிடும் மாதம். எங்கள் வாசலில் வண்டிகள் ரோடுவரை நிற்கும். செல்வராணி காரை விட்டால் மூன்று நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். அந்த மூன்று நாளும் அவர் மறுபடி அண்ணனுக்காக ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. என்ஜின் ஆயிலும் பில்டரும் மாற்றுகிற சின்ன வேலைதான். என்னோடு படித்தவன் ஒருவன் மயிலாடியிலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவனிடம் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். வரிசையில் ஒரு வண்டி குறையுமே என்ற சுயநலமும் கொஞ்சம் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

என் நண்பன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் முடித்து, வண்டியைத் துடைத்தும் கொடுத்திருக்கிறான். சாயங்காலம் செல்வராணி போன் செய்தார்: “நல்ல வேள சொன்னிய அண்ணே. வேற யாராம்னா மூணு நாள் வண்டிய வாங்கிப் போட்டிருப்பாவ.”

கம்பெனிக்குப் போட்ட கடிதம்

வாரண்டி முடிந்த ஐந்தாம் மாதம் அவர் வண்டி தோவாளை அருகே நின்றது. அதே அலறல். கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே தயாரிப்பிலேயே கோளாறு. ஓட்டியவர்மேல் ஒரு தப்பும் இல்லை. புதிய கியர்பாக்ஸின் விலைக்குப் பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம். ஆனால் இந்த மாதிரித் தயாரிப்புக் கோளாறாக இருந்தால், வாரண்டி முடிந்த பிறகும் கம்பெனி தானாக இரக்கப்பட்டு மாற்றிக் கொடுப்பதுண்டு. ஒரே நிபந்தனை: எல்லாச் சர்வீசும் எங்கள் சென்டரிலேயே செய்து, சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விழுந்திருக்க வேண்டும். கடிதம் எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு டிசம்பர் ஞாபகம் வந்தது. புத்தகத்தைப் புரட்டினேன், இரண்டாம் வருஷக் கட்டம் காலியாக இருந்தது.

ஆயில் மாற்றியதற்கும் கியர்பாக்ஸ் கெட்டதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இரண்டு பக்கம் எழுதினேன். பதில் இரண்டு வரியில் வந்தது. ஒரு சர்வீஸ் விட்டுப்போயிருப்பதால் உதவ இயலாது. செல்வராணியிடம் ‘கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் மேனேஜர்தான் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அனுப்பியது யார் என்று தெரியாமலே சொன்னார்: “எவனோ ஒரு மடையன் இந்த அம்மாவ வெளிய அனுப்பியிருக்கான் ஓய்.”

நான் அவரோடு சேர்ந்து தலையாட்டினேன்.

புத்தகம் வாங்க வந்த நாள்

இரண்டு மாதம் ஷெட்டில் கிடந்த காரை, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார் செல்வராணி. வாங்குகிறவர் சர்வீஸ் புத்தகம் கேட்டாராம். அதை வாங்க அவர் அண்ணனுடைய பைக்கில் வந்து இறங்கினார். அண்ணன் என்ஜினை அணைக்காமல் வெளியே நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. டிசம்பரில் நான் சொன்னதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது, முத்திரை இல்லாமல் போனது என்னால்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவர் அந்தப் பக்கத்தைப் பிரித்து, காலியாக இருந்த கட்டத்தைக் கட்டைவிரலால் தடவினார். “முத்திர இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. ஆபீசுல நாள் முழுக்க நான் பத்திரத்துல பாக்கதே அதத்தானே. நீங்க சொன்னதே போதும்னு இருந்துட்டேன்.”

பதினோரு வருஷத்தில் வாடிக்கையாளரின் நல்லதை நினைத்து நான் திருப்பி அனுப்பிய வேலை அது ஒன்றுதான். தேவையில்லாமல் எத்தனையோ பேர் தலையில் கட்டிய வைப்பருக்காகவும் சீட் கவருக்காகவும் இன்றுவரை ஒருநாள்கூட என் தூக்கம் கெட்டதில்லை.