இடப்பக்கம் சரிகிற வீடு

நோரீன் க்ராட்ஸ் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, தன் வீட்டின் அடிவயிற்றைப் பார்த்து, எழுதக் கூசுகிற வார்த்தைகளில் திட்டிக்கொண்டிருந்தாள். வீடு என்றால் சக்கரம் வைத்த வீடு. பிக்அப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு திரிகிற டிரெய்லர். அவளுக்கும் அவள் புருஷன் டுவெய்னுக்கும் உலகத்தில் வேறு கூரை கிடையாது. குவார்ட்சைட்டுக்குத் தெற்கே இருக்கிற இந்த அரிசோனாப் பாலைவனத்தில், பனி பெய்கிற ஊர்களிலிருந்து தப்பி வந்த கிழடுகள் குளிர்காலம் முழுக்க இப்படித்தான் வீட்டை இழுத்து வந்து நிறுத்தி வெயில் காய்கிறார்கள். அத்தனை பேரிலும், எழுபதைத் தாண்டிய பிறகு வண்டிக்கடியில் தவழ்கிற பொம்பளை நோரீன் ஒருத்திதான்.

டார்ச் விழுந்த இடத்தில் விரிசல். இடது பக்கம், வீட்டின் பாரம் தாங்குகிற கமான் பட்டையைப் பிடித்திருக்கிற இரும்புக் காது சட்டத்தோடு சேருகிற இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. அழுக்காக இருந்தால் நல்லது என்று நகத்தால் சுரண்டினாள். அழுக்கில்லை. இன்னும் நாலு மலை ஏறி இறங்கினால் அந்தக் காது பிய்ந்துகொண்டு வரும், சக்கரம் ஒரு பக்கம் போகும், வீடு நடுரோட்டில் உட்காரும்.

நடுரோட்டில் உட்கார்ந்தால்கூடப் பரவாயில்லை. மகள் கெயில் வீட்டு நிலவறையில் போய் உட்கார வேண்டிவரும், அதுதான் அவளுக்குப் பயம். கெயில் இருப்பது ஒமாஹாவில். போன கோடையில் வயோமிங்கில் டயர் வெடித்து இவர்கள் ரோட்டோரம் காய்ந்து கிடந்தபோது போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை வண்டி படுத்தால் நேராக எங்கள் வீடுதான், கீழே இருக்கிற அறை சும்மாதான் கிடக்கிறது என்று. அந்த அறையில் சன்னல் என்ற பெயரில் ஒரு ஓட்டை உண்டு, அதன் வழியாகப் பார்த்தால் புல்லின் வேர் தெரியும். நோரீன் முடியாது என்று கத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் டுவெய்ன் தலையாட்டினான். அவன் எதற்கும் தலையாட்டுகிறவன், அதனால் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது கெயில் ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம், நிலைமையை நேரில் பார்க்க.

நோரீன் நெப்ராஸ்காவில் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். தினம் அதே ரோடு, அதே சோளக்காடு, அதே பிள்ளைகளின் அதே வாந்தி. ரிட்டயரானதும் போன ரோட்டில் திரும்பப் போக மாட்டேன் என்று சபதம் போட்டு, வீட்டை விற்று இந்த டிரெய்லரை வாங்கினாள். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்ந்திருந்த டுவெய்ன் அதற்கும் தலையாட்டினான். எந்த ஊர், எந்த வழி, எத்தனை நாள் என்பதெல்லாம் அவள் இஷ்டம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று கை காட்டுவது மட்டும் அவன் வேலை. கை காட்டுகிறான் என்று பெயர், கோழி விரட்டுகிற மாதிரி இருக்கும். அவள் ஒரு நாள்கூட அவனைப் பார்த்ததில்லை. கண்ணாடியைப் பார்த்து, கச்சிதமாக நிறுத்திவிட்டு இறங்குவாள். அப்போதும் அவன் கையை ஆட்டிக்கொண்டு நிற்பான்.

டுவெய்னுக்கு இன்னொரு வேலையும் உண்டு, கல் பொறுக்குவது. இந்தப் பாலைவனத்தில் மூன்று பேரில் ஒருத்தருக்கு அந்தக் கிறுக்கு இருக்கிறது. அகேட், சூரியகாந்தக் கல், கல்லாகிப் போன மரத்துண்டு என்று காலையில் வாளியோடு கிளம்பினால் மதியம் கூன் விழுந்து திரும்புவார்கள். முதல் வருஷமே டிரெய்லருக்குள் கால் வைக்க இடமில்லாமல் போனதும் நோரீன் சட்டம் போட்டாள்: ஒரு கல் உள்ளே வந்தால் ஒரு கல் வெளியே போகணும். அன்றிலிருந்து சாயங்காலமானால் டுவெய்ன் அவள் கண் முன்னாலேயே ஒரு கல்லைப் புதருக்குள் விட்டெறிவான். என் புருஷனைத் திருத்திவிட்டேன் என்று அவள் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

ஆனால் வீடு இடப்பக்கம் சரிய ஆரம்பித்தது. டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவே முஷ்டியை நுழைத்துப் பார்ப்பது அவள் அளவு. வலது பக்கம் முஷ்டி போய் அதற்குமேல் இரண்டு விரல் போகும். இடது பக்கம் முஷ்டியே மாட்டிக்கொள்ளும்.

சாயங்காலம் நாலு மணியானால் இங்கே அவரவர் மடக்கு நாற்காலி, அவரவர் பீர், ஒரு தட்டு சிப்ஸோடு வட்டம் போட்டு உட்காருவது வழக்கம். அடுத்தவன் வண்டியின் வியாதிக்கு வைத்தியம் சொல்வதுதான் அங்கே முக்கியமான பொழுதுபோக்கு. பக்கத்து டிரெய்லர்க்காரன் லைல் ஓஸ்ட்மன் அதில் தலைமை வைத்தியன். அவன் சொல்லித்தான் முதல் வருஷம் பட்டையின் துளைகளில் தேய்ந்துபோயிருந்த பிளாஸ்டிக் புஷ் வளையங்களைப் பிடுங்கி எறிந்து வெண்கல புஷ் போட்டாள். போல்ட்டுகளையும் கிரீஸ் ஏற்றுகிற மாதிரி மாற்றினாள். அடுத்த வருஷம் கனமான பட்டை. அதற்கடுத்த வருஷம் இரண்டு பக்கக் காதுகளும் ஆடாமலிருக்கக் குறுக்கே ஒரு இரும்புக் குழாய். அவளே கிரீஸ் கன்னோடு அடியில் படுத்து, பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கிப் புதுசு தலைகாட்டுகிற வரை அடிப்பாள். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் கொஞ்ச நாள் நிமிர்ந்து நிற்கும், அப்புறம் முஷ்டி போகாது. பூமி சுற்றுகிற திசைதான் காரணமோ என்று லைல் ஒரு நாள் ஆரம்பித்தபோது அவள் நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது விரிசலே விட்டாயிற்று. யூமாவிலிருந்து வெல்டிங் மெஷினை வண்டியில் வைத்துக்கொண்டு டிரெய்லர் டிரெய்லராகப் போகிற எஃப்ரேனைக் கூப்பிட்டாள். அவன் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, தாங்கு கட்டை வைத்து, படுத்துப் பார்த்தான். விரிசலின் முனையில் ஒரு துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, வெல்டிங்கால் தைத்து, மேலே தகடு வைத்து இன்னொரு தையல் போடலாம் என்றான். ஆனால் அடிவயிற்றை மூடியிருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தட்டியைப் பிரிக்காமல் நெருப்பு வைக்க முடியாது.

"அத பிரிச்சே ஆகணுமா?" என்றான் டுவெய்ன்.

பிரிக்காவிட்டால் வீடே எரிந்துபோகும் என்று எஃப்ரேன் விளக்கினான். டுவெய்ன் இன்னொரு தடவை அதையே கேட்டான். அப்புறம் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய், மலையைப் பார்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

எஃப்ரேன் தட்டியை அறுத்தான். உள்ளே ஒரு பலகை தட்டுப்பட்டது. இதென்ன என்று கம்பியால் நெம்பினான். அவ்வளவுதான், கல் கொட்ட ஆரம்பித்தது. நல்லவேளையாக அவன் பக்கவாட்டில் படுத்திருந்தான். சிவப்புக் கல், பச்சைக் கல், வரி வரியாகக் கோடு போட்ட கல், தொடை மொத்தத்துக்கு மரக்கல். நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். அன்றைக்கு நாலு மணி வட்டம் பதினோரு மணிக்கே கூடியது.

எஃப்ரேன் மீசையெல்லாம் புழுதியாகத் தவழ்ந்து வெளியே வந்தான். "சென்யோரா, இந்தக் கம்பெனிக்காரன் கல்லு ரொப்பித்தான் விப்பானா?" என்று மரியாதையாகவே கேட்டான்.

நோரீன் உள்ளே போய்க் கட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். டுவெய்ன் படுக்கிற பக்கம், இடது பக்கம், தரையில் நறுவிசாக ஒரு சதுரம் அறுத்து மூடி போட்டிருந்தான். கீழே சட்டத்தின் விளிம்பில் பலகையை அடுக்கி, இத்தனை வருஷமாக ஒவ்வொன்றாக இறக்கியிருக்கிறான். சாயங்காலம் புதருக்குள் விட்டெறிந்தது ஒன்றுக்கும் உதவாத கல். கொல்ல வேண்டும் போல வந்தது அவளுக்கு. வைத்தியம் என்று ஏற்றிய இரும்பெல்லாம் அந்தக் கல்லோடு சேர்ந்து இன்னும் பாரம்தான் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்து தொலைத்தது. வெளியே வந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"எதுக்குய்யா இத்தனை கல்லு?"

டுவெய்ன் மலையையே பார்த்தான். "நடைபாதை போட. வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும்."

"எந்த வாசல்?"

லைல் நாற்காலியைச் சத்தமில்லாமல் மடக்கிக்கொண்டு கிளம்பினான். மற்றவர்களும் போனார்கள்.

கெயில் போனில் பேசியபோது அவன் தலையாட்டியது நோரீனுக்கு ஞாபகம் வந்தது. அவள் ஓடுவதற்கு இரும்பு ஏற்ற, அவன் நிற்பதற்குக் கல் ஏற்ற, நடுவில் சட்டம் கிழிந்திருக்கிறது. இந்த மனுஷனுக்கு ஒரு வாசல் வேண்டியிருந்திருக்கிறது, அது தனக்குத் தெரியவே இல்லை என்பது அவளுக்கு அவமானமாக இருந்தது.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"நான் கை காட்டுறத நீ என்னைக்குப் பாத்திருக்க?"

நோரீன் உள்ளே போய் இரண்டு பேருக்கும் முட்டை பொரித்தாள், இரண்டையும் கருக்கினாள். எஃப்ரேன் சாயங்காலம் வரைக்கும் வேலை செய்துவிட்டு, தகடு வைத்த இடத்துக்குக் கறுப்புப் பெயின்ட்டும் அடித்துவிட்டுப் போனான். ஜாக்கியை இறக்கியதும் நோரீன் முஷ்டியை நுழைத்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கெயில் வந்தாள். கற்குவியலைச் சுற்றிக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, புதுக் கட்டில் போட்டாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நோரீனுக்கு நாக்கு துடித்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவன் சார்பில் அவள்தான் பேசுவாள். அன்றைக்கு டயர் பக்கத்தில் குந்திக்கொண்டு, போதும் போதும் என்கிற அளவுக்குக் கிரீஸ் ஏறிய போல்ட்டுக்கே திரும்பத் திரும்பக் கிரீஸ் அடித்தாள். அவன் சரி என்று சொல்லிவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். போவது என்று அவளும் முடிவு செய்திருந்தாள்.

"அந்த ரூமுக்குத் தனியா வாசல் இருக்காம்மா?" என்றான் டுவெய்ன்.

"இல்லப்பா. கராஜ் வழியா வந்து படி எறங்கணும்."

"அப்ப முன்னாடி பாதை போட முடியாது."

"என்ன பாதைப்பா?"

டுவெய்ன் ஒரு பச்சைக் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "அப்ப வேணாம்மா. இங்கயே இருந்துக்கறோம்."

கெயில் அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில், மனுஷனுக்கு என்னத்தைக் கரைத்துக் கொடுத்தாய் என்ற கேள்வி அப்பட்டமாக இருந்தது. நோரீன் கிரீஸ் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், மூக்கு கறுத்துப்போனது.

அந்தக் குளிர்காலம் முழுக்க டுவெய்ன் டிரெய்லர் வாசலிலிருந்து மண்ரோடு வரை பாதை போட்டான். நோரீன் தள்ளுவண்டியில் கல் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினாள். இங்கே பலரும் நிறுத்துகிற இடத்தைச் சுற்றிக் கல் அடுக்கி அழகு பார்ப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இடம் யாருக்கும் சொந்தமில்லை, அடுத்த வருஷம் முதலில் வருகிறவனுக்குத்தான். ஏப்ரலில் வெயில் ஏறி அவர்கள் கிளம்பியபோது பாதை மட்டும் வீடில்லாமல் கிடந்தது.

போன ரோட்டில் திரும்பப் போகமாட்டேன் என்ற நோரீன் அடுத்த குளிர்காலத்துக்கு, கோடையைக் கழித்த ஆரிகனிலிருந்து மற்றவர்களுக்கு முந்தி, போன அதே ரோட்டில், எங்கேயும் நிற்காமல் ஓட்டிக்கொண்டு வந்தாள். இடம் காலியாக இருந்தது. பாதையும் அப்படியே இருந்தது. டுவெய்ன் இறங்கி, அதன் முனையில் நின்று, வழக்கம்போலக் கோழி விரட்ட ஆரம்பித்தான். முன்கூட்டியே வந்துவிட்ட லைல் நாற்காலியைப் போட்டு வேடிக்கை பார்த்தான்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் நோரீன் வாசலைப் பாதையின் நேரே கொண்டுபோய் நிறுத்தியிருப்பாள். அவள் கண்ணாடியில் புருஷனைப் பார்த்தாள். அவன் இடது என்றால் இடது, நில் என்றால் நின்றாள். பஸ் ஓட்டிய கை வலிக்க வலிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் போதும் என்று இரண்டு கையையும் தூக்குகிற வரை அப்படியே செய்தாள். இறங்கிப் பார்த்தால் பாதை ஒரு பக்கம், வாசல் ஒரு பக்கம். நடுவே முழுசாக ஒரு புதர். லைல் கை தட்டினான்.

டுவெய்ன் தலையைச் சொறிந்தான். "இன்னொரு தடவ எடுத்துப் பாக்கலாமா?"

"நீ காட்டின எடம் இதான்," என்று நோரீன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள். "ஏப்ரல் வரைக்கும் வண்டி நகராது. நீ கல்ல நகத்து."

அவன் சிரித்துக்கொண்டே வாளியை எடுத்தான். அந்தப் பாதை ரோட்டிலிருந்து நேராகத்தான் வரும், வாசலுக்குக் கிட்டே வந்ததும் புதரைச் சுற்றி இடப்பக்கம் வளையும்.