மகளோடு ஒசாக்காவில் சாப்பிட்டது

ஒசாக்காவில் நாங்கள் முதலில் போன நூடில்ஸ் கடையில் கதிரைகள் எல்லாம் சுவரைப் பார்த்தபடி இருந்தன. வாசலில் ஒரு மெஷின். காசைப் போட்டுப் படத்தை அமத்தினால் துண்டு விழும். துண்டைக் குசினியில் கொடுத்துவிட்டு இருக்க வேண்டியதுதான். ஒரு வார்த்தை கதைக்கத் தேவையில்லை. எனக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்னுடைய கிண்ணம் வந்ததும் நான் அவர் பக்கம் திரும்பி, "என்குவெட்டே" என்றேன். சுவிசில் ஒரே மேசையில் முன்பின் தெரியாதவர் இருந்தாலும் சாப்பிட முதல் அதைச் சொல்ல வேண்டும். நல்லாச் சாப்பிடுங்கோ என்கிற மாதிரி. அந்த மனிதர் திடுக்கிட்டு, கீழே வைத்திருந்த பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தலை குனிந்தார். கால் வைக்க இடம் கேட்கிறேன் என்று நினைத்தாராக்கும்.

"அப்பா, அவருக்கு ஏன் சொன்னனீங்கள்?" என்றாள் மகள் அபிரா.

"சாப்பிடுற மனுசனுக்கு ஒண்டும் சொல்லாமல் எப்பிடி இருக்கிறது?"

"நீங்கள் சரியான சுவிஸ்காரன். பொறுங்கோ, அம்மாவுக்குச் சொல்லுறன்."

நான் சுவிசுக்கு வந்த புதிதில் எங்கடின் என்கிற மலைப்பகுதியில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். முதல் நாள் மத்தியானம் வேலையாட்களின் மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார்கள். எனக்கு விளங்கவில்லை. குனிந்து சாப்பிட்டேன். நான் திமிர் பிடித்தவன் என்று பெரிய குசினிக்காரர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அது வாயில் தானாக வருவதற்கு ஒரு பனிக்காலம் முழுதும் போனது. இப்போது நிறுத்த நினைத்தாலும் நிற்காது.

நாங்கள் ஜப்பான் பார்க்க என்று போகவில்லை. அபிரா சுவிசில் நாங்கள் இருக்கிற பாடன் நகரத்தில் பிறந்து படித்து எஞ்சினியர் ஆனவள். ஒசாக்காவில் ஒரு கொம்பனி அவளைக் கூப்பிட்டது. இரண்டு வருசத்துக்கு என்று சொன்னார்கள். நானும் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு வருசத்துக்கு என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு சுவிசுக்கு வந்தவன். "ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா. நீங்கள் வேண்டாம் எண்டா நான் போகேல்லை" என்றாள். என் மனுசிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. "நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ, எனக்குச் சரி" என்று என் தலையில் வைத்துவிட்டா. எனக்குப் போக விட விருப்பமில்லை. பாஷை பழகாத நாட்டில் வளர்ந்த மனிதனும் சின்னப்பிள்ளை ஆகிவிடுவான். அபிராவுக்கு ஜப்பான் பாஷை ஓரளவு தெரியும்தான். ஆனால் பாஷை மட்டும் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு நான் ஒருவன் நாடு மாறியது காணும் என்று நினைத்திருந்தேன்.

கியோட்டோவுக்குப் போன அன்று, அப்பாவுக்குச் சோறு கிடைக்கட்டும் என்று கறியும் சோறும் விற்கிற ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். மாட்டிறைச்சி இல்லாததாகப் பார்த்து எடுத்தாள். மெனு அட்டையில் உறைப்புக்கு நம்பர் போட்டிருந்தது. நான் கடைசி நம்பரில் விரலை வைத்தேன். பரிமாறுகிற பெடியன் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்டினான். எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. அகதி அட்டையோடு இருந்த காலத்தில் ஒரு கடை வாசலில் ஒருவன் இப்படிக் கை வைத்துத்தான் என்னைத் திருப்பி அனுப்பினான்.

"எழும்பு, போவம்."

"ஏன்?"

"எங்களுக்குத் தர மாட்டினமாம். நீ பார்க்கேல்லையோ?"

"ஐயோ அப்பா, இருங்கோ. உறைப்பு கூடிப்போகும், உங்களால ஏலாது எண்டு சொல்லுறார். பாவம், உங்களில இரக்கப்பட்டுத்தான்."

இருந்தேன். நடு நம்பர் கறி வந்தது. பெடியன் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்திலேயே நின்றான்.

"உறைக்குதோ அப்பா?"

"சீனி போட்டிருக்கினம்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு கையசைவுக்கே எனக்கு இவ்வளவு. இவள் தனிய இருந்து எத்தனையைக் காணப் போகிறாளோ என்று யோசனை வந்தது. ரயிலில் திரும்பும்போது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் களைத்து நித்திரையாகிவிட்டாள்.

கடைசி நாள் பின்னேரம் ஒசாக்காவில் ஒரு சின்ன உடோன் கடை. உடோன் என்றால் தடித்த கோதுமை நூடில்ஸ். வேலை நேர்முகத்துக்கு வந்தபோது அவள் தனியாகச் சாப்பிட்ட கடை அது. கடைக்காரக் கிழவர் அவளை அடையாளம் கண்டு ஏதோ கேட்டார். அவள் "சுவிசு" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு வெங்காயத்தாள் வெட்டப் போய்விட்டார். அவ்வளவுதான். பாடனில் இவள் பாடன் என்று சொன்னால், இல்லை, உண்மையில் எந்த இடம் என்று அடுத்த கேள்வி வரும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இந்தக் கடையில் அந்த இரண்டாவது கேள்வி இல்லை. பிறகு கேட்பார்களோ தெரியாது. ஆனால் அவள் முழங்கையை மேசையில் ஊன்றி, சத்தம் போட்டு உறிஞ்சிச் சாப்பிட்டாள். பாடனில் வெளியே சாப்பிட்டால் யாரோ பார்ப்பது போல நிமிர்ந்தே இருப்பாள். அவள் இப்படி இருந்து நான் பார்த்தது வீட்டுக்குள் மட்டும்தான்.

சுவரில் ஒரு உலகப்படம் இருந்தது. வெளிநாட்டு ஆட்கள் தங்கள் இடத்தில் ஊசி குத்திவிட்டுப் போவார்களாம். கிழவர் எங்களுக்கும் ஆளுக்கொரு ஊசி தந்தார். அபிரா சுவிசில் குத்தினாள். ஊசித் தலையில் நாடு முழுதும் மறைந்துவிட்டது.

"நீங்கள் எங்கை அப்பா? யாழ்ப்பாணத்திலயோ, பாடனிலயோ?"

ஊசியை வைத்துக்கொண்டு நின்றேன். பாடனில் நான் இலங்கைக்காரன். போன முறை யாழ்ப்பாணம் போனபோது என் தமக்கை ஓட்டோக்காரரிடம், "இவர் சுவிஸ், இஞ்சத்தைய நிலவரம் தெரியாது" என்று சொன்னா. யோசித்துக் களைத்துவிட்டேன். ஒசாக்காவில் குத்தினேன்.

கிழவர் ஓடி வந்து கையை ஆட்டினார். நிலத்தைக் காட்டினார். அது இந்த இடம், பிழையாகக் குத்திவிட்டாய் என்றார் போல. நான் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். அவர் அபிராவைப் பார்த்தார். அவள் அவருக்கு ஒன்றும் விளக்கவில்லை.

"அப்பா" என்றாள்.

"சாப்பிடு. ஆறுது."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இலை உதிர்கிற காலத்தில் அவள் ஒசாக்காவுக்குப் போய்விட்டாள். ஊசிகள் இன்னும் இருக்கின்றன என்று சொல்கிறாள். அந்தச் சுவரில் மட்டும் நாங்கள் இடம் மாறி நிற்கிறோம். அவள் சுவிசில், நான் ஒசாக்காவில். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊசி ஒன்றும் இல்லை.