தொப்பிக்காரரின் சம்சாரம்

மதுரை பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதால் பெருங்களத்தூர் பொருட்காட்சிக்குள் நுழைகிறேன். மேடையில் கௌபாய் தொப்பி போட்ட ஒருவர் கிடாரோடு அமெரிக்க கிராமியப் பாடல் பாடுகிறார்; பேனரில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நடுநடுவே அறிவிப்பாளர் மைக்கைப் பிடுங்கி, காணாமல் போன பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து கூட்டிப்போகும்படி சொல்கிறார்.

நெத்திலி வறுவல் வாங்குகிறேன். விற்கிற அக்கா கோவளத்துக்காரர்.

"இன்னா சார் பாடறாரு? மூஞ்சி அழுவுற மாதிரி கீது."

எனக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

"சம்சாரம் விட்டுட்டுப் போயிட்டாங்களாம். தேடுறாராம்" என்று அளந்து விடுகிறேன்.

"அய்யோ பாவம்!"

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு விறுவிறுவென்று மேடைக்குப் போகிறார். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அறிவிப்பாளரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

பாட்டு நிற்கிறது.

"பாடகர் அவர்களின் துணைவியார் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்!"

முன்வரிசையிலிருந்து பிளாஸ்க்கும் கையுமாக ஒரு பெண் எழுகிறார். ராட்டினத்துப் பக்கமிருந்து பஞ்சுமிட்டாயோடு இன்னொரு பெண் ஓடி வருகிறார். இருவரும் மேடைப்படியில் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பாடகர் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்து விட்டுக்கொள்கிறார்.

நெத்திலிப் பொட்டலத்தோடு நழுவப் பார்க்கிறேன். அக்கா என் சட்டையைப் பிடித்துவிடுகிறார்.

"எந்த சம்சாரம் வுட்டுட்டுப் பூட்ச்சுன்னு நீ சொல்லவேயில்லியே சார்?"