தொண்ணூற்றாறு கட்டங்கள்

முப்பத்தோரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பின், கம்பம் ஊரில் என் வீட்டு மாடியில் அரசு ஓவியத் தேர்வுக்கு வகுப்பு நடத்தினேன். பதினொரு பேர் வந்தார்கள். முதல் மாதம் வண்ணச் சக்கரம்: மூன்று மூல நிறங்கள், மூன்று கலப்பு நிறங்கள், எதிரெதிராக மூன்று ஜோடிகள். இரண்டாம் மாதம் பாப் ஆர்ட் முகம். ஒரே முகத்தை நான்கு முறை வரைய வேண்டும். சிவப்பின் மேல் பச்சை முகம், ஆரஞ்சின் மேல் நீலம், ஊதாவின் மேல் மஞ்சள், நான்காவது அதையே திருப்பி மஞ்சளின் மேல் ஊதா. தோல் நிறம் மட்டும் கூடாது.

ஒரு மாணவி தன் அம்மாவின் புகைப்படத்தைக் கொண்டு வந்தாள். அம்மா தினமும் ஜீப்பில் கம்பமெட்டு மலைப்பாதை ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர். முகத்தைப் பெரிதாக்க, படத்தின் மேல் கட்டம் போட வேண்டும். ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தோம். கறுத்த முகம் வெறும் கறுப்பாக வந்தது. வழவழப்பான படத்தில் பென்சில் நிற்கவில்லை.

"பேனாவால போடு" என்றேன்.

"சார், வீட்ல இது ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணு போனா நாலு அம்மா கிடைப்பாக. போடு தாயி."

மற்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நீல பால்பாயிண்ட் பேனாவால் கோடு இழுத்தாள். நெடுக்கே ஏழு, குறுக்கே பதினொன்று. அரை அங்குலக் கட்டங்கள் தொண்ணூற்றாறு.

மூன்று முகங்களைச் சொன்னபடி தீட்டினாள். நான்காவதற்கு ஆரஞ்சையும் நீலத்தையும் கலந்து, மூன்று நாள் திருத்தித் திருத்தி, ஒரு பழுப்பு எடுத்தாள். அவள் அம்மாவை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதே நிறம். அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும், தேர்வில் மதிப்பெண் போகும், மேலே ஊதா பூசு என்றேன். பூசினாள். படத்தை வகுப்புச் சுவரில் மாட்டினேன்.

ஒன்பதாம் நாள் மலைப்பாதை வளைவில் ஜீப் கவிழ்ந்தது. பதினாறு பேர் ஏறியிருந்தார்கள். இறந்தது அவள் அம்மா ஒருவர்தான்.

ஃபிளெக்ஸ் பலகைகள் ஊருக்கு வந்த புதிது. முகம் போட்ட பலகை இல்லாமல் இறந்தவர் யாரையும் எடுப்பதில்லை என்று ஆகிவிட்டிருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்தது ஒரு கரும்புள்ளி. மறுநாள் காலை அவளும் தாய்மாமனும் அந்தப் புகைப்படத்தோடு கடைக்குப் போக, கடைக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"சார், கோடு கண்ணு வழியாப் போகுது. அழிச்சா வேற ஆளா ஆயிருறாக."

அரை மணி நேரத்தில் இருவரும் என் வீட்டு மாடிக்கு வந்தார்கள். அவள் அழவில்லை.

"நாலாவதுல அம்மா இருந்தாகல்ல சார். அதத் தாங்க."

சுவரிலிருந்து இறக்கி, ஈரப் பஞ்சால் ஊதாவைத் துடைத்தேன். மூன்றாவது பஞ்சில் பழுப்பு தெரிந்தது. ஒரு கன்னம், ஒரு நெற்றி. நான்காவது பஞ்சில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. சேறாகிப்போன காகிதத்தை ஐந்தாவது பஞ்சாலும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தாய்மாமன் என் கையைப் பிடித்தார். "விடுங்க சார். மத்தியானம் எடுக்கணும். கோட்டோடயே அடிக்கச் சொல்றோம்."

பலகையை ஜீப் நிற்கும் இடத்தில் கட்டினார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகும் யாரும் கழற்றவில்லை. வெயிலில் முதலில் மஞ்சள் வெளுத்தது, அடுத்துச் சிவப்பு. மழைக்காலம் வருவதற்குள் நீலம் மட்டும் மிஞ்சியது. நீல முகம், அதன் மேல் நீலக் கோடுகள். முகத்தில் மட்டும் முப்பத்திரண்டு கட்டங்கள்.

வகுப்பில் பத்துப் பேர் ஆனார்கள். அதிகாலையில் பால் வாங்கப் போகும்போது, அவள் அந்தப் பலகைக்குக் கீழே தூக்குவாளியோடு நிற்பதைப் பார்ப்பேன். "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வாள். அவளோடு சேர்த்து ஜீப்பில் பதினேழு பேர்.