நான் முன்மாதிரி ஊழியரான கதை

அந்தச் சம்பவத்தைச் சேர்மனுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைத் திட்டுகிற சாக்கில் நான் தப்பித்துக்கொண்டதாக யாரும் நினைக்கக் கூடாது.

சாலைகளும் மேம்பாலங்களும் கட்டுகிற ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். டெண்டர் பிரிவு. ஒன்றை அனுப்பி முடித்தால் அடுத்தது காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒரு கிழமை எங்களுக்குக் கிடையாது. சேர்மனுக்கு அதில் ரொம்பப் பெருமை. "வீட்டில் கழிகிற நேரமெல்லாம் நாட்டுக்குச் சேர வேண்டிய நேரம்" என்று டிவி பேட்டிகளில் சொல்வார். அந்தக் கம்பெனி அவருக்கு அவருடைய அப்பா விட்டுப் போனது. பேட்டி எடுக்கிறவர்கள் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

வடக்கே, தலைநகரின் முனிர்கா ஃபிளாட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஆறு மணி அடிப்பதற்குள் அப்பா பஸ்ஸைவிட்டு இறங்கிவிடுவார். வேலைக்குப் போன பிறகு அதை நினைத்து எனக்குள் ஓர் இளக்காரம் வந்திருந்தது. ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்து இந்த மனிதர் என்ன சாதித்தார் என்று தோன்றும். நான் அவரிடம் கணக்குப் படித்ததே அந்த ஆறு மணிக்குப் பிறகுதான் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வராது.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மறுநாள் மதியம் ஆஞ்சியோகிராம் எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். அன்று மூன்று மணிக்கு ஒரு பெரிய டெண்டருக்குக் கெடு. "வெளியதான்ப்பா இருப்பேன்" என்று சொன்னேன். அப்பா தலையாட்டினார்.

அந்த வராந்தாவில் சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்ற காரில் போய் உட்கார்ந்து லாப்டாப்பைத் திறந்தேன். போனில் அலுவலகத்தோடு பேசிக்கொண்டே ஒவ்வொரு காகிதமாக ஏற்றினேன். நடுவில் மூன்று முறை ஒரு லேண்ட்லைன் எண் வந்தது. மூன்று முறையும் வெட்டினேன். ஏதோ விளம்பரம் என்று நினைத்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், யாராக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வேலையை முடித்துவிட்டு ஓடினேன். அடைப்பு இருப்பதைப் பார்த்து, உடனே ஸ்டென்ட் வைக்க என் சம்மதம் கேட்டுத் தேடியிருக்கிறார்கள். நான் கிடைக்காததால் படுத்திருந்த அப்பாவிடமே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கண்ணாடி இல்லாமல் போட்ட கையெழுத்து, கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. கண் விழித்ததும் அப்பா எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நானாகவே, "டாக்டர் ரூம்ல பேசிட்டிருந்தேன்ப்பா" என்றேன். நம்பினார்.

அந்த வருஷத்து முன்மாதிரி ஊழியர் விருதுக்கான படிவத்தில், உங்களைவிடக் கம்பெனியைப் பெரிதாக நினைத்த ஒரு தருணத்தை எழுதச் சொல்லியிருந்தார்கள். நான்கு வரி எழுதினேன். அதில் அந்த மூன்று அழைப்புகள் இல்லை.

ஆண்டுவிழா ஹோட்டல் ஹாலில் நடந்தது. சேர்மன் மேடையில் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "இந்தப் பெண்ணின் அப்பா ஆபரேஷன் மேஜையில் கிடந்தார். இவள் லாப்டாப்பைத் திறந்தாள். பேலன்ஸ் பேலன்ஸ் என்று கேட்கிறவர்கள் இவளிடம் வந்து பாடம் படியுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் கும்பிட்டுச் சிரித்தேன். வீடியோவில் அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரிகிறது.

அடுத்த வாரம் சேர்மன் தன் மகளின் பட்டமளிப்புக்காக வெளிநாடு போனார். வர மூன்று வாரம் ஆனது. கையெழுத்துக்குப் போன ஃபைல்கள் அவர் மேஜையிலேயே கிடந்தன. அது நாட்டுக்குச் சேர வேண்டிய நேரமா என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்த அப்பா, கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உங்க அத்தை ஒரு வீடியோ அனுப்பியிருக்கா. கங்கிராட்ஸ்னு போட்டு."

"ஆமாப்பா, ஆபீஸ் ஃபங்ஷன்."

"எங்க இருந்து அனுப்புன அந்த டெண்டர?"

"கார்ல இருந்து."

"காரு எங்க நின்னுச்சு?"

"கேட்டுக்கு வெளிய."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "உள்ள ஒரு நர்ஸு கேட்டுட்டே இருந்தா, பாவூஜி, ஆப்கே சாத் கோயீ ஹை, கூட யாராச்சும் வந்திருக்காங்களான்னு. எம் பொண்ணு வாசல்லதான் நிக்கான்னு நான் சொல்லிட்டே கெடந்தேன். அவ மூணு தடவ போய்ப் பாத்துட்டு வந்தா. சரியாப் பாக்கலன்னு அவளப் போயி நான் சத்தம் போட்டேன்."

"மன்னிச்சிருங்கப்பா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வேலைன்னா அப்படித்தான்."

எழுந்து கை கழுவப் போனார். அவர் முப்பத்தைந்து வருஷம் பார்த்த வேலை அப்படி இருந்ததே இல்லை.

அதற்குப் பிறகாவது நான் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. சில மாதம் கழித்து என் பிரிவில் இருந்த ஒரு பெண்ணின் அம்மாவுக்கு லக்னோவில் ஆபரேஷன். அந்தப் பெண் லீவு கேட்கவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து போனிலேயே மீட்டிங்கில் கலந்துகொண்டாள். அவள் பேசும்போது பின்னால் ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது. "கொஞ்சம் ம்யூட் பண்ணு" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. மீட்டிங்கை நிறுத்திவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் லீவு கேட்கவில்லை என்றேன்.

"ஆப்னே பீ தோ நஹீ லியா தா, மேடம்" என்றாள். நீங்களும் எடுக்கவில்லையே என்று. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

மனிதவளப் பிரிவுக்குப் போய் அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். அங்கிருந்தவர் சிரித்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் போட்டுக் காட்டுகிறோம், ரொம்ப இன்ஸ்பைரிங் என்றார். அதை எடுக்கச் சேர்மனிடம்தான் கேட்க வேண்டுமாம். மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை. இரண்டு மாதத்தில் ராஜினாமா செய்தேன். வீடியோவை இன்னும் போடுகிறார்களாம்.

இப்போது ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். போன மாதம் அப்பாவின் மருந்துப் பெட்டியில் புதிதாக ஒரு சீட்டு இருந்தது. எப்போது டாக்டரைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழம. கீழ்வீட்டு சர்தார்ஜி கூட்டிட்டுப் போனாரு."

"என்கிட்ட ஏன்ப்பா சொல்லல? நான் வந்திருப்பேன்லா?"

"உனக்கு வேலை இருக்கும்லா" என்றார். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.